ஓய்வெடுத்தால் கூடும் முதுகுவலி: ஏ.எஸ். என்று உறுதியாகிவிட்டது, ஊசி தொடங்கலாமா?

கட்டிங்மாஸ்டர் | திருப்பூர் | ஜனவரி 18

எல்லோருக்கும் வணக்கம். வயது 29. பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். நவம்பரில் எனக்கு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (ஏ.எஸ்.) என்று உறுதியானது. இப்போது டாக்டர் ஊசி தொடங்கச் சொல்கிறார். வீட்டில் பயப்படுகிறார்கள், எனக்கும் பயம்தான். நடந்ததை முழுதாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

23 வயதில் தொடங்கியது. வலது பக்கப் பிட்டத்துக்குள் ஆழமாக ஒரு வலி. சில வாரம் போனால் அது இடது பக்கம் வரும், அப்புறம் மறுபடி வலது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியே எழுப்பிவிடும். வாசலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால்தான் திரும்பப் படுக்க முடியும். காலையில் முதுகு பலகை மாதிரி இருக்கும். பல் தேய்க்கக் குனிய முடியாது. கம்பெனிக்குப் போய்த் துணியை அடுக்கி லே போட்டு, மேசையைச் சுற்றி நடந்து, மணி பத்தாகும்போது உடம்பு இளகிவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாள்கூடப் பரவாயில்லை. ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தால் திங்கட்கிழமை எழவே முடியாது.

இதையெல்லாம் சொன்னபோதும், நின்று வேலை செய்வதால் வரும் வலி, ரெஸ்ட் எடு என்றுதான் பதில் வந்தது. இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ் என்று ரிப்போர்ட். பெல்ட், டிராக்ஷன், மூன்று வாரம் படுக்கை. என் ஆறு வருட வலியில் அந்த மூன்று வாரம்தான் மிக மோசம். தாங்க முடியாத நாளில் பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் மறுநாளே ஆள் மாறிவிடுவேன். ஒரு வாரம் நன்றாகப் போகும்.

போன அக்டோபரில் இடது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். நான்காம் நாள் டியூப்லைட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை, பார்வை மங்கியது. கண் டாக்டரிடம் போனால், யுவியைட்டிஸ், கண்ணுக்குள் அழற்சி என்று சொல்லிவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி: “காலையில் எழும்போது முதுகு இறுக்கமாக இருக்குமா?” அந்தக் கேள்வியை ஆறு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது.

அவர்தான் கோவைக்கு ருமட்டாலஜி (மூட்டு நோய்) டாக்டரிடம் அனுப்பினார். எச்.எல்.ஏ. பி27 மரபணு பாசிட்டிவ். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்த அளவு 28. முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் எஸ்.ஐ. மூட்டுகளுக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இரண்டு பக்கமும் அழற்சி. வலி மாத்திரைதான், எடோரிகாக்சிப் 90 ஒரு மாதம், அப்புறம் நாப்ராக்சன் ஒரு மாதம் சாப்பிட்டேன். பாதி வலி போனது, பாதி நிற்கிறது. இப்போது அடாலிமுமாப் ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்கிறார்.

கல்யாணமாகி எட்டு மாதம். “எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற ஊசியை இந்த வயதில் போடலாமா, ஆயுசுக்கும் போடணுமாமே” என்று அம்மா அழுகிறார். சல்ஃபாசலசின் மாத்திரையே போதும் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். ஊசி தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கரிசல்காடு | கோவில்பட்டி | ஜனவரி 18

தம்பி, உங்கள் பதிவில் திங்கட்கிழமை பற்றிய வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள்தான் உயிர் போகும்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பாதிப் பேருடைய வருடங்கள் தொலைகின்றன. நம் ஊரில் கழுத்து எலும்புத் தேய்மானத்தை எல்லோரும் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றுதான் சொல்கிறார்கள். அது ஸ்பாண்டிலோசிஸ், வயதாவதால் வருவது. நமக்கு வந்திருப்பது வேறு. உடம்பின் எதிர்ப்பு மண்டலமே எலும்பில் தசைநாரும் மூட்டு நாரும் பற்றியிருக்கும் இடத்தைத் தாக்குகிறது. புண் ஆறும் இடத்தில் புது எலும்பு வளர்ந்து முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் முதுகு மூங்கில் மாதிரி தெரியும். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே, நிறையப் பேருக்கு இருபதுகளிலேயே தொடங்கும். “எனக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் இருக்கு, இரண்டு நாள் படுத்தால் சரியாகிடும்” என்று சொந்தக்காரர் சொன்னால் அவர் பேசுவது வேறு நோய்.

என் கதை. 2009இல் தெரிந்தது. அதற்கு முன்னால் எட்டு வருடம் வாயுப் பிடிப்பு, சூடு, டிஸ்க் என்று அலைந்தேன். தெரிந்த பிறகும் அப்போது இந்த ஊசிகளின் விலை என் சம்பளத்துக்கு எட்டாது. இண்டோமெதாசின் என்ற வலி மாத்திரை சாப்பிட்டு ஓட்டினேன். 2014 டிசம்பரில் நம் நாட்டிலேயே அடாலிமுமாப் தயாரித்து விற்பனைக்கு வந்தது. நான் 2016இல் தொடங்கினேன். மூன்றாவது ஊசிக்குள் இரவு வலி நின்றது. ஆனால் அதற்குள் கழுத்து ஒட்டிவிட்டது. இன்று சாலையைக் கடக்கும்போது உடம்பு முழுவதையும் திருப்பித்தான் வண்டி வருகிறதா என்று பார்க்கிறேன். ஒட்டிய எலும்பை எந்த மருந்தும் பிரிக்காது தம்பி. உங்கள் எக்ஸ்ரேயில் இன்னும் ஒட்டவில்லை என்றால் அந்த நேரம் உங்கள் கையில் இருக்கிறது. எனக்கு அது இல்லாமல் போனது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உலக அளவிலேயே இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஆறேழு வருடம் ஆகிறது. பி27 மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973லேயே தெரிந்த விஷயம். தெரிந்தும் இந்தத் தாமதம் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மாத்திரைப்பெட்டி | திருச்சி | ஜனவரி 19

நான் மருந்தாளுநர், 17 வருடமாகக் கடை நடத்துகிறேன். மருந்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன், முடிவு உங்கள் டாக்டருடையது.

சல்ஃபாசலசின் முழங்கால், கணுக்கால் மாதிரி கைகால் மூட்டு வீக்கத்துக்கு உதவும். முதுகெலும்புக்கு உதவாது. மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான். முடக்குவாதத்துக்கு முதல் மருந்து அது, ஆனால் முதுகுக்கு வேலை செய்வதில்லை. இன்னொன்று, நீங்கள் புதிதாகக் கல்யாணமானவர். சல்ஃபாசலசின் சாப்பிடும் காலத்தில் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கு வரும், ஆனால் இதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை.

இரண்டு வலி மாத்திரைகளை ஒரு மாதம், ஒரு மாதம் என்று முழு அளவில் பார்த்துவிட்டு ஊசிக்குப் போவது சரியான வரிசை. உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை. ஆனால் எடோரிகாக்சிப் ஓடும்போதே வலி தாங்கவில்லை என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களை வாரத்துக்கு இரண்டு பேர் பார்க்கிறேன். வயிற்றுப் புண், கிட்னி, பிபி மூன்றுக்கும் ஆபத்து. அதே மாதிரி ஸ்டீராய்டு மாத்திரையும் இந்த முதுகு நோயில் நீண்ட நாளுக்குப் பயன் தராது. பெயரில்லாத பொடி சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை சொன்னார்களா? மார்பு எக்ஸ்ரே, மாண்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை, கூடவே மஞ்சள் காமாலை பி, சி வைரஸ், எச்.ஐ.வி. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் நம் நாட்டில். நம்மில் பலருக்குக் கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். இந்த ஊசி தடுக்கிற டி.என்.எஃப். என்ற பொருள்தான் அந்தக் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைக்கிறது. பார்க்காமல் ஊசி போட்டால் சுவர் உடையும். அம்மாவின் பயத்தில் நியாயமான பகுதி இதுதான், அதற்கு வழியும் இருக்கிறது.

பசுமைவழி | ஈரோடு | ஜனவரி 19

வணக்கம் சகோ. யாரையும் மறுத்துப் பேச வரவில்லை. என் மாமாவுக்கு இதே நோய். அரிசி, உருளைக்கிழங்கு எல்லாம் அடியோடு நிறுத்தியதில் வலி நன்றாகக் குறைந்தது. ஆயுள் முழுக்க ஊசி என்பதற்கு முன்னால் மூன்று மாதம் உணவை மாற்றிப் பார்க்கலாமே?

கரிசல்காடு | கோவில்பட்டி | ஜனவரி 20

நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அதனால் அனுபவத்தைச் சொல்கிறேன். மாவுப்பொருளைக் குறைத்தால் குடலில் ஒரு வகைக் கிருமி குறையும், அதனால் இந்த நோய் தணியும் என்று 1980களில் லண்டனில் ஒரு கருத்து எழுந்தது. பெரிய ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. நான் 2011இல் மூன்று மாதம் சோறு, இட்லி, தோசை எதுவும் தொடாமல் இருந்தேன். ஆறு கிலோ குறைந்தது. கழுத்து அந்த மூன்று மாதத்திலும் இறுகிக்கொண்டுதான் போனது.

உணவில் கவனம் நல்லது, எடை கூடாமல் இருப்பது நல்லது. மருந்தோடு சேர்த்துச் செய்யட்டும். மருந்துக்குப் பதிலாக வேண்டாம். நிறுத்த வேண்டிய ஒன்று இருக்கிறது என்றால் அது புகை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு முதுகு ஒட்டுவது வேகமாக நடக்கிறது, மூச்சும் குறைகிறது. நம் விலா எலும்பு மூட்டுகளும் இறுகுகிற நோய் இது.

மல்லிகைப்பந்தல் | திண்டுக்கல் | ஜனவரி 21

பெண்கள் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கு 34 வயது. முதல் பிரசவம் சிசேரியன். அதற்கப்புறம் நான்கு வருடம், “முதுகுத்தண்டில் ஊசி போட்டதால் வந்த வலி, எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்” என்று அம்மாவிலிருந்து நர்ஸ் வரைக்கும் சொன்னார்கள். நானும் நம்பினேன். மயக்க ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், வருடக்கணக்கில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பாது. எனக்கு வலி அதற்கு முன்பே, கல்லூரிக் காலத்திலேயே இருந்தது என்பதை ருமட்டாலஜி டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. குதிகால் வலி. காலையில் முதல் பத்து அடி வைக்க முடியாது. செருப்பை மாற்று என்றார்கள்.

எனக்கு பி27 பாசிட்டிவ், ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மல். அதை வைத்து முன்பு ஒருவர், உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் என்று அனுப்பிவிட்டார். ரத்தத்தில் தெரியாமலும் இந்த நோய் இருக்கும். பெண்களுக்கு எக்ஸ்ரேயில் மாற்றம் மெதுவாகத்தான் வரும். இதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கட்டிங்மாஸ்டர் தம்பி, குழந்தையை நினைத்து ஊசியைத் தள்ள வேண்டாம். நான் அடாலிமுமாப் போட்டுக்கொண்டிருந்தபோதே இரண்டாவது பையனைச் சுமந்தேன். டாக்டர் சொன்னபடி ஏழாம் மாதம் வரை போட்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி உயிருள்ள கிருமியால் செய்தது. தாய் போட்ட மருந்து குழந்தை ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும் என்பதால் ஆறு மாதம் தள்ளிப் போடச் சொன்னார். நம் மருத்துவமனைகளில் பிறந்த கையோடு போட்டுவிடுவார்கள் அல்லவா, அதனால் முன்கூட்டியே கடிதம் வாங்கி ஃபைலின் மேலேயே ஒட்டி வைத்தேன். பையன் இப்போது யு.கே.ஜி. படிக்கிறான்.

கட்டிங்மாஸ்டர் | திருப்பூர் | ஜனவரி 21

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றிங்க. மல்லிகைப்பந்தல் அக்கா எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் மனைவி இரண்டு முறை படிக்கச் சொன்னாள். காசநோய்ப் பரிசோதனைக்கு நாளை ரத்தம் கொடுக்கிறேன். இந்த நோய் பிள்ளைக்கு வருமா என்று மட்டும் அவளுக்குக் கேட்க வேண்டும்.

மாத்திரைப்பெட்டி | திருச்சி | ஜனவரி 22

பி27 பிள்ளைக்குப் போக வழக்கமாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் அந்த மரபணு இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. அதனால் குழந்தைக்கு இப்போதே ரத்தம் பார்க்க வேண்டாம். வளர்ந்த பிறகு காலை இறுக்கமோ கண் சிவப்போ வந்தால், அப்பாவுக்கு இது இருக்கிறது என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொன்னால் போதும்.

இயன்முறை | தஞ்சாவூர் | ஜனவரி 23

பிசியோதெரபிஸ்ட் நான். இந்த இழையில் உடற்பயிற்சி பற்றி யாரும் எழுதாததால் வருகிறேன். ஊசி வலியைத் தணிக்கும், முதுகை நிமிர்த்தி வைப்பது உங்கள் வேலை.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். குதிகாலும் பிட்டமும் சுவரில் ஒட்டி நில்லுங்கள். முகவாயைத் தூக்காமல் தலையின் பின்பக்கம் சுவரில் படுகிறதா? படவில்லை என்றால் எத்தனை விரல் இடைவெளி என்று தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே சுவரில் பார்த்தால் எக்ஸ்ரேக்கு முன்னால் சுவர் சொல்லிவிடும். மார்பைச் சுற்றித் தையல் டேப் வைத்து, மூச்சை முழுதாக விட்டும் இழுத்தும் அளந்தால் விலா எவ்வளவு விரிகிறது என்று தெரியும். ஆரோக்கியமான இளைஞருக்கு 5 செ.மீ. அளவில் விரிய வேண்டும். கட்டிங் பிரிவில் டேப்புக்குக் குறைவிருக்காது.

காலையில் சுடுநீரில் குளித்துவிட்டு அப்புறம் உடம்பை நீட்டுங்கள். இறுகிய உடம்போடு தொடங்கினால் இரண்டே நாளில் வெறுத்துவிடும். தினம் இரண்டு முறை கால் மணி நேரம் குப்புறப் படுங்கள். தலையணை மெல்லியதாக ஒன்று போதும். நீச்சல் தெரிந்தால் அதைவிட நல்லது கிடையாது. கிணற்றில் மேலிருந்து குதிப்பது மட்டும் கூடாது, படியில் இறங்குங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். முடி வெட்டிய பிறகு சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பார்களே, அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதுகில் ஏறி மிதித்து எலும்பை ஏற்றுவதும் வேண்டாம். ஒட்டிய முதுகெலும்பு வளையாது, சுண்ணாம்புக் குச்சி மாதிரி முறியும். கரிசல்காடு அண்ணனைப் போலக் கழுத்து ஒட்டியவர்கள் சின்னதாக விழுந்து புது வலி வந்தால்கூட உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் கழுத்து வளையாது என்று முன்பே சொல்ல வேண்டும். குழாய் போடும்போது கழுத்தை வளைப்பார்கள்.

கட்டிங்மாஸ்டர் | திருப்பூர் | பிப்ரவரி 2

இக்ரா பாசிட்டிவ். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. உறங்கும் கிருமி என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஐசோனியாசிட், கூட பி6 மாத்திரை. ஒரு மாதம் சாப்பிட்ட பிறகு, அது ஓடும்போதே ஊசி தொடங்கலாமாம். கல்லீரல் பரிசோதனை இடையிடையே.

வாசலில் அம்மா இதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். டி.பி. என்றாலே அவருக்குத் தாத்தா நினைவு. இது மற்றவருக்குப் பரவாது, தட்டும் டம்ளரும் பிரிக்க வேண்டாம் என்று டாக்டரே அழைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஆனாலும் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பரிசோதனை பார்க்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. மாத்திரைப்பெட்டி அண்ணா, மறக்க மாட்டேன்.

சுவர்ச் சோதனை செய்தேன். தலை படுகிறது. மார்பு விரிவு 3 செ.மீ. தான்.

கரிசல்காடு | கோவில்பட்டி | பிப்ரவரி 2

தலை படுகிறதா. அதைக் கேட்டதே போதும் தம்பி. ஒரு மாதம் தாமதம் என்று மனம் தளராதீர்கள். அந்த மாதத்தில் வலி கூடினால் மாத்திரையை நீங்களே கூட்டாமல் டாக்டரைக் கேளுங்கள்.

கட்டிங்மாஸ்டர் | திருப்பூர் | ஏப்ரல் 14

புத்தாண்டு வணக்கம். தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மார்ச் 4 அன்று முதல் ஊசி. வயிற்றில் தோலுக்கடியில் போட்டார்கள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தார், இரண்டாவது ஊசியை வீட்டில் நானே போட்டுக்கொண்டேன். முன்னால் அரை மணி நேரம் பெட்டியை வெளியே வைத்துக் குளிர் போகவிட்டால் எரிச்சல் குறைவு. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும், ஃப்ரீசரில் கூடாது. எங்கள் பகுதியில் மின்வெட்டு என்பதால் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஊசி மட்டும் வாங்குகிறேன். கடையிலிருந்து ஐஸ் பேக் வைத்த டப்பாவில்தான் கொண்டு வருவேன்.

முதல் ஊசிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றமாக இருந்தது. இரண்டாவது போட்ட ஐந்தாம் நாள் கண் விழித்தபோது வெளியே வெளிச்சம். மணி ஆறேகால். நான்கு மணிக்கு நான் எழவே இல்லை என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் எதுவும் சொல்லாமல் என் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

இப்போது மூன்று ஊசி முடிந்திருக்கிறது. காலை இறுக்கம் இரண்டு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டது. சி.ஆர்.பி. 6. மார்பு விரிவு 4. டாக்டர் 12 வாரத்தில் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் பலன் எவ்வளவு என்று சொல்வாராம். காய்ச்சல், நீண்ட இருமல் வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் அழைக்கச் சொல்லியிருக்கிறார். செலவுதான் பாரம், மறைக்க முடியாது. ஓவர்டைம் பணம் முழுக்க இதற்குத்தான் போகிறது.

கீழத்தெரு | மன்னார்குடி | ஏப்ரல் 15

இரவு முழுக்க இந்த இழையைப் படித்தேன். என் தம்பிக்கு 21 வயது. எட்டு மாதமாக இடுப்பு வலி, ராத்திரியில் எழுந்து திண்ணையில் நடக்கிறான். டிஸ்க் என்று சொல்லி பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே நார்மல். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சென்னை போகும் அளவுக்கு வசதியும் இல்லை.

கட்டிங்மாஸ்டர் | திருப்பூர் | ஏப்ரல் 15

எக்ஸ்ரே நார்மல் என்பதை வைத்து விட்டுவிடாதீங்க. எஸ்.ஐ. மூட்டில் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியவே சில வருடம் ஆகும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் இடுப்புக்கு மட்டும் எடுக்காமல், எஸ்.ஐ. மூட்டுக்கு, அழற்சி தெரியும் ஸ்டிர் படத்தோடு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்க. எனக்கு முதல் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடமே சரியாக விழவில்லை. டிஸ்க் பல்ஜ் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்குமாம்.

பாண்டிச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. அரசு நிறுவனம், உங்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். போகும்போது மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்க: எத்தனை மணிக்கு வலி எழுப்புகிறது, காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம், நடந்தால் குறைகிறதா கூடுகிறதா. தம்பிக்கு எப்போதாவது கண் சிவந்ததா என்றும் கேளுங்க. இனிமேல் சிவந்தால் கடையில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்க. என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்க, நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.